கொட்டேஷன் ஸ்பேமில், இன்வாய்ஸ் திரும்பி வருகிறது: பீன்யா வாசகருக்குப் பதில்

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சிஎன்சி உதிரிபாகங்கள் செய்து ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். கம்பெனி டொமைனில் ஆறு மெயில் ஐடி, எல்லாம் கூகுள் வொர்க்ஸ்பேஸில். டொமைனும் வெப்சைட்டும் என் மைத்துனர் வாங்கித் தந்த வேறொரு ஹோஸ்டிங்கில் இருக்கின்றன. பில் போட ஆன்லைன் மென்பொருள். அதுவே எங்கள் பெயரில் இன்வாய்ஸை மெயில் செய்கிறது. மூன்று மாதமாகக் கொட்டேஷன் அனுப்பினால் "வரலையே" என்கிறார்கள், தேடினால் ஸ்பேமில் கிடக்கிறது. சில இன்வாய்ஸ்கள் 550 5.7.26 என்று திரும்பி வருகின்றன. போதாததற்குப் போன வாரம் ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று எங்கள் பெயரில் ஒரு மெயில் போயிருக்கிறது. நல்ல வேளை, போன் செய்து கேட்டார்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் போடச் சொல்கிறார்கள். எஸ்பிஎஃப் ஏற்கனவே இரண்டு இருக்கிறது, படம் இணைத்துள்ளேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முதலில் மூன்று பெயர்கள். எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று டிஎன்எஸில் (டொமைனைப் பற்றி உலகம் பார்க்கும் பதிவேடு) எழுதி வைக்கும் வரி. டிகிம், மெயிலிலேயே போடும் டிஜிட்டல் கையெழுத்து. டிமார்க், இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் வரி. எஸ்பிஎஃப் இரண்டு இருப்பதால் கூடுதல் காப்பு என்று நினைத்திருக்கிறீர்கள். கோளாறின் வேரே அதுதான்.

படத்தில் உள்ள முதல் வரி ஹோஸ்டிங் பேனல் தானாகப் போட்டது: வி=எஸ்பிஎஃப்1, பிளஸ் ஏ, பிளஸ் எம்எக்ஸ், ஒரு ஐபி4 எண், கடைசியில் டில்டே (~) ஆல். இரண்டாவது வரி கூகுளுக்காகப் பின்னால் சேர்த்தது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். இரண்டு கண்டால், பெறும் சர்வர் எது சரி என்று ஆராயாது. பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை) என்று எழுதிவிட்டு இரண்டையும் தள்ளிவிடும். ஒரே லோடுக்கு இரண்டு இ-வே பில் வைத்துக்கொண்டு அத்திபெலே தாண்டுவது போலத்தான். எஸ்பிஎஃப் இல்லாத டொமைனைவிட உங்கள் நிலைமை ஒன்றும் மேல் இல்லை.

அப்படியானால் கொட்டேஷன் ஸ்பேமோடு தப்பிக்க, இன்வாய்ஸ் மட்டும் ஏன் திரும்பி வருகிறது? உங்கள் கொட்டேஷன் ஒன்றை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' திறந்து பாருங்கள். டிகிம் பாஸ் என்றுதான் இருக்கும். ஆனால் பக்கத்தில் உள்ள டொமைன் பெயரைப் படியுங்கள்: உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டு, கடைசியில் ஜிஆப்ஸ்எஸ்எம்டிபி டாட் காம் என்று முடியும். நீங்கள் டிகிம் போடாதவரை கூகுள் தன் பெயரில் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது. அந்தக் கையெழுத்தின் தயவில் கொட்டேஷன் ஸ்பேம் வரையாவது போய்ச் சேர்கிறது. இன்வாய்ஸுக்கு அதுவும் இல்லை. திரும்பிய மெயில் உங்கள் பெட்டிக்கே வருகிறது என்பதே ஒரு தடயம்: பில் மென்பொருள் ரிட்டர்ன் பாத்திலும் (சேராத மெயில் திரும்ப வேண்டிய முகவரி) உங்கள் டொமைனையே போட்டு அனுப்புகிறது. அப்போது சோதனைக்கு வருவது உங்கள் எஸ்பிஎஃப், அது பெர்ம்எரர். டிகிம் கிடையாது. 5.7.26 என்றால் ஜிமெயில் பாஷையில் "அனுப்பியவர் யாரென்று உறுதியாகவில்லை" என்று அர்த்தம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எவரும், பத்து மெயில் அனுப்பினாலும், எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்றையாவது தேற வேண்டும். ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும். அந்தக் கணக்கு உங்களுக்கு வராது. ஆனாலும் மூன்றையும் போடுங்கள். காரணம் அந்த வங்கிக் கணக்கு மெயில். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கை வைப்பதற்கு முன் டிஎன்எஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டொமைன் ஓரிடம், வெப்சைட் ஓரிடம், டிஎன்எஸ் வரிகளை உலகத்துக்குச் சொல்லும் நேம்சர்வர் மூன்றாவது இடம் என்று இருப்பது சகஜம். நேம்சர்வர் கைகாட்டாத பேனலில் ரெக்கார்டு போட்டால் அது சேமிக்கும், பச்சை டிக்கும் காட்டும். உலகத்துக்கு மட்டும் தெரியாது. விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் என்எஸ்லுக்அப், ஒரு இடைவெளி, கழித்தல் குறி டைப்=என்எஸ், இடைவெளி, உங்கள் டொமைன் என்று அடித்தால் எந்த நேம்சர்வர் என்று சொல்லிவிடும். என்எஸ் இருந்த இடத்தில் டிஎக்ஸ்டி (எஸ்பிஎஃப் போன்ற எழுத்து வரிகளுக்கான ரெக்கார்டு வகை) போட்டால் தற்போதைய எஸ்பிஎஃப் வரிகள் தெரியும். (இங்கே தமிழில் எழுதியிருக்கும் ரெக்கார்டுகளைப் பேனலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.) மாற்றும் முன் டிஎன்எஸ் பக்கம் முழுவதையும் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது ஒரு தாள், ஒரு பேனா. உங்கள் டொமைன் பெயரில் எது எதெல்லாம் மெயில் அனுப்புகிறது என்று எழுதுங்கள். கூகுள், பில் மென்பொருள் இரண்டும் நீங்களே சொன்னவை. வெப்சைட்டின் என்கொயரி ஃபார்ம் மூன்றாவது. ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினில் 'ஸ்கேன் டு மெயில்' இருக்கிறதா? பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ் ரிப்போர்ட் அனுப்புகிறதா? ஆயுத பூஜைக்கு வாடிக்கையாளர்களுக்கெல்லாம் வாழ்த்து அனுப்ப ஏதாவது மொத்த மெயில் சேவை வைத்திருக்கிறீர்களா? கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் தலைகாட்டும். ஜூனில் எல்லாம் சரிசெய்து முடித்திருப்பீர்கள், அக்டோபரில் அத்தனை வாழ்த்தும் திரும்பி வரும்.

இனி வேலை. டிகிமிலிருந்து தொடங்குவதே நல்லது. எஸ்பிஎஃப் எந்த சர்வரிலிருந்து வந்தது என்று பார்க்கிறது. டிகிம் கடிதத்திலேயே போட்ட முத்திரை. வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஐடிக்கு வரும் மெயில் தானாக இன்னொரு பெட்டிக்கு ஃபார்வர்டு ஆகிறது என்று வையுங்கள். வழியில் சர்வர் மாறிவிட்டதால் எஸ்பிஎஃப் உடையும். மெயிலின் உள்ளடக்கத்தை யாரும் தொடாதவரை டிகிம் நிற்கும்.

கூகுள் அட்மின் கன்சோலில் ஆப்ஸ், கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜிமெயில், 'ஆதென்டிகேட் ஈமெயில்' என்று உள்ளே போங்கள். 2048 பிட் சாவி தேர்ந்தெடுங்கள், செலக்டர் (சாவிக்கு வைக்கும் பெயர்) 'கூகுள்' என்றே இருக்கட்டும். கன்சோல் இரண்டு விஷயம் தரும்: ஹோஸ்ட் பெயர், நீளமான மதிப்பு. ஹோஸ்ட் பெயர் கூகுள் டாட் அண்டர்ஸ்கோர் டொமைன்கீ. பேனலில் அதோடு நிறுத்துங்கள். பெரும்பாலான பேனல்கள் பின்னால் உங்கள் டொமைனைத் தாமே சேர்த்துக்கொள்ளும். நீங்களும் முழுப் பெயரை அடித்தால் டொமைன் இரண்டு முறை வந்து, ரெக்கார்டு யாரும் தேடாத ஒரு முகவரியில் போய் உட்கார்ந்துவிடும். டிமார்க் ரெக்கார்டிலும் இதே தப்பு நடக்கும்.

மதிப்பு சுமார் 400 எழுத்து நீளம். டிஎக்ஸ்டி ரெக்கார்டில் ஒரு துண்டு 255 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நல்ல பேனல் தானே துண்டாக்கும். இல்லையென்றால் நீங்களே இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, நடுவில் ஒரு இடைவெளி விட்டுப் போட வேண்டும். அதற்கும் பேனல் மசியவில்லை என்றால் 1024 பிட் சாவியோடு இப்போதைக்குப் போகலாம். டிகிம் முறை அதையும் ஏற்கிறது. சாவியை மைத்துனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒட்டச் சொல்லாதீர்கள். நடுவில் ஒரு இடைவெளியோ வரி முறிவோ நுழைந்தால் சாவி செல்லாது, கண்ணுக்கும் தெரியாது. கன்சோலையும் பேனலையும் ஒரே கம்ப்யூட்டரில் திறந்து நேராக ஒட்டுங்கள்.

ரெக்கார்டு போட்டதும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். திரும்ப அட்மின் கன்சோலுக்கு வந்து 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' அழுத்தினால்தான் கூகுள் உங்கள் பெயரில் கையெழுத்துப் போடத் தொடங்கும். 48 மணி நேரம் வரை ஆகலாம். மறுபடி ஷோ ஒரிஜினல் பாருங்கள்: டிகிம் பாஸ், பக்கத்தில் உங்கள் டொமைன் மட்டும்.

எஸ்பிஎஃபுக்கு வருவோம். இரண்டையும் நீக்கிவிட்டு ஒன்றே ஒன்று: வி=எஸ்பிஎஃப்1, இடைவெளி, இன்க்ளூட்:_எஸ்பிஎஃப்.கூகுள்.காம், இடைவெளி, ~ஆல். பழைய வரியிலிருந்த ஏ, எம்எக்ஸ், ஐபி4 மூன்றையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எம்எக்ஸ் என்பது உங்களுக்கு மெயில் வரும் வழி. கூகுளிலிருந்து போகும் மெயிலுக்கு இன்க்ளூட் போதும். அந்த ஐபி எண்ணும் ஏவும் வெப்சைட் இருக்கும் ஹோஸ்டிங் சர்வரைக் குறிக்கின்றன. அது ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் உங்களோடு எத்தனையோ முகம் தெரியாத வெப்சைட்டுகள் அதே ஐபியில் குடியிருக்கின்றன. அந்த எண்ணை உங்கள் எஸ்பிஎஃபில் எழுதுவது, அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் உங்கள் லெட்டர்பேடைக் கொடுத்து வைப்பதற்குச் சமம்.

டில்டேக்குப் பதில் கழித்தல் குறி போட்டால் கண்டிப்பு அதிகம்தானே என்று கேட்பீர்கள். டிமார்க் வரப்போகும் டொமைனுக்கு டில்டேதான் என் சிபாரிசு. கழித்தல் குறியைக் கண்டதும் சில சர்வர்கள் டிகிமைப் பார்க்காமலே கதவைச் சாத்திவிடும். ஃபார்வர்டு ஆன நியாயமான மெயிலும் அதில் போய்விடும். பிளஸ் ஆல் மட்டும் எந்தக் காலத்திலும் போடாதீர்கள்: உலகில் யார் வேண்டுமானாலும் என் பெயரில் அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அது.

இன்னொரு வரம்பும் இருக்கிறது. ஒரு எஸ்பிஎஃபைச் சோதிக்கும்போது பத்து டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக் கூடாது. இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ் ஒவ்வொன்றும் ஒரு தேடல். இன்க்ளூட்டுக்குள் இருக்கும் இன்க்ளூட்டும் கணக்கில் சேரும். ஐபி4 சேராது. பதினொன்றாவது வந்தால் மறுபடி பெர்ம்எரர். "எங்கள் இன்க்ளூட்டையும் சேருங்கள்" என்று ஒவ்வொரு மென்பொருள்காரரும் கேட்பார். கேட்டதெல்லாம் சேர்க்க வேண்டியதில்லை.

உங்கள் பில் மென்பொருள்காரரிடமும் முதலில் இன்க்ளூட் கேட்காதீர்கள். எங்கள் டொமைனுக்கு டிகிம் போடும் வசதி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் சிநேம் வரிகள் (இன்னொரு பெயருக்குக் கைகாட்டும் டிஎன்எஸ் வரிகள்) இரண்டோ மூன்றோ தருவார்கள். அவற்றை டிஎன்எஸில் சேர்த்தால் அவர்கள் சர்வரே உங்கள் பெயரில் கையெழுத்துப் போடும். உங்கள் டிஎன்எஸ் கிளவுட்ஃபிளேரில் இருந்தால் அந்த சிநேம்களுக்கு ஆரஞ்சு மேகத்தை அணைத்து 'டிஎன்எஸ் ஒன்லி' ஆக்குங்கள், இல்லையென்றால் வேலை செய்யாது.

அந்த வசதி இல்லையென்றால் இன்வாய்ஸ் கூகுள் வழியே போகட்டும். பில்லிங்குக்கென்று ஒரு ஐடி, அதில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன், பிறகு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு. மென்பொருளின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சர்வர்) பக்கத்தில் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், போர்ட் 587, டிஎல்எஸ். ஒரு ஐடிக்கு ஒரு நாளைக்கு 2,000 மெயில் வரம்பு. உங்கள் இன்வாய்ஸ் எண்ணிக்கைக்கு அது தாராளம். எஸ்எம்டிபி பக்கமும் இல்லாத மென்பொருள் என்றால், அனுப்புநர் முகவரி அவர்கள் டொமைனாக இருக்கட்டும், ரிப்ளை-டூ மட்டும் உங்களுடையது. அழகாக இராது, ஆனால் போய்ச் சேரும்.

என்கொயரி ஃபார்மின் கதை வேறு. மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு உண்டு. கூரியர் கவர் மேல் எழுதியிருப்பது ரிட்டர்ன் பாத். உள்ளே லெட்டர்ஹெட்டில் இருப்பது ஃப்ரம். எஸ்பிஎஃப் கவரை மட்டும் பார்க்கும். படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது லெட்டர்ஹெட். எஸ்பிஎஃப் தேறிய கவரின் டொமைனோ, டிகிம் தேறிய முத்திரையின் டொமைனோ, ஒன்றாவது லெட்டர்ஹெட்டின் டொமைனோடு ஒத்துப்போகிறதா என்று கேட்பதே டிமார்க்கின் வேலை. அலைன்மென்ட் என்பது இதைத்தான். ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து போகும் ஃபார்ம் மெயிலில் கவர் மேல் பெரும்பாலும் ஹோஸ்டிங் சர்வரின் பெயர் இருக்கும். ஃப்ரம் என்ற இடத்தில் ஃபார்மை நிரப்பியவரின் ஐடியையே பல வெப்சைட்டுகள் போட்டுவிடுகின்றன. யாகூ ஐடி வைத்திருப்பவர் நிரப்பினால், யாகூ பெயரில் உங்கள் ஹோஸ்டிங் சர்வர் மெயில் அனுப்பியதாக ஆகிறது. யாகூ 2014-லேயே டிமார்க்கை ரிஜெக்ட் (தேறாததை ஏற்காதே) ஆக்கிவிட்டது. அந்த என்கொயரி உங்களுக்கு வந்திருக்கவே வாய்ப்பில்லை, வராதது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மைத்துனரிடம் சொல்லி ஃபார்மையும் கூகுள் எஸ்எம்டிபி வழியே விடுங்கள்: ஃப்ரம் உங்கள் ஐடி, ரிப்ளை-டூவில் நிரப்பியவர் ஐடி.

இவ்வளவும் ஆன பிறகு டிமார்க். ஹோஸ்ட் அண்டர்ஸ்கோர் டிமார்க், வகை டிஎக்ஸ்டி. மதிப்பு: வி=டிமார்க்1; பி=நன் (none); ஆர்யுஏ=மெயில்டூ:, அதை ஒட்டி ரிப்போர்ட் வர வேண்டிய ஐடி. டிமார்க்1 என்பதைப் பெரிய எழுத்தில் அடியுங்கள், வி முதலில் வர வேண்டும். ரிப்போர்ட்டுக்குத் தனி ஐடியோ குரூப்போ வையுங்கள். உங்கள் சொந்தப் பெட்டியில் விட்டால் மூன்றாம் நாளே எரிச்சலில் அழித்துவிடுவீர்கள். வேறு டொமைனில் உள்ள ஐடியைக் கொடுத்தால், ஏற்கிறோம் என்று அந்த டொமைன்காரரும் ஒரு ரெக்கார்டு போட வேண்டும். அதனால் இப்போதைக்கு உங்கள் டொமைனிலேயே ஒன்று.

கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ போன்றவர்களிடமிருந்து தினம் ஜிப் மாதிரி சுருக்கிய கோப்பு ஒன்று வரும். உள்ளே எக்ஸ்எம்எல். இலவசமாகப் படித்துக் காட்டும் தளங்கள் இருக்கின்றன; இல்லாமலும் படிக்கலாம். ஒவ்வொரு பதிவிலும் ஐந்து விஷயம் போதும்: சோர்ஸ் ஐபி, எத்தனை மெயில், டிஸ்பொசிஷன் (பெற்றவர் அதை என்ன செய்தார்), டிகிம், எஸ்பிஎஃப். கூகுள் ஐபி, கவுண்ட் 41, டிகிம் பாஸ், எஸ்பிஎஃப் பாஸ் என்றால் உங்கள் கொட்டேஷன்கள். வேறு ஏதோ ஐபி, எஸ்பிஎஃப் ஃபெயில், டிகிம் பாஸ் என்றால் பெரும்பாலும் யாரோ ஃபார்வர்டு செய்தது, விட்டுவிடலாம். பில் மென்பொருளின் ஐபி, இரண்டும் ஃபெயில் என்றால் மேலே சொன்ன வேலை அரைகுறை. பெயரே கேள்விப்படாத ஐபியிலிருந்து இரண்டும் ஃபெயில் என்றால் அதுதான் நீங்கள் தேடும் ஆசாமி.

பி=நன் யாரையும் தடுக்காது; வேடிக்கை மட்டும் பார்க்கும். நான்கு வாரமாவது அப்படியே விடுங்கள். ஒரு மாதக் கடைசி அதற்குள் வந்தாக வேண்டும், சம்பளச் சீட்டும் பாக்கி நினைவூட்டலும் எந்த வழியில் போகின்றன என்று அப்போதுதான் தெரியும். உங்கள் தாளில் இருந்தவை எல்லாம் பாஸ் ஆன பிறகு பி=குவாரண்டைன் (தேறாததை ஸ்பேமில் போடு), இரண்டு வாரம். பிறகு பி=ரிஜெக்ட். நன்னிலேயே வருஷக்கணக்கில் தங்கிவிடுவது பரவலான வழக்கம். அது வாட்ச்மேனை நியமித்து, யாரையும் நிறுத்தாதே என்று சொல்லி வைப்பது போலத்தான்.

இப்போது ஓசூர் மெயில். அதை ஸ்கிரீன்ஷாட்டாகவோ ஃபார்வர்டாகவோ வாங்காதீர்கள். மூல மெயிலைக் கோப்பாகச் சேமித்து, அட்டாச்மென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் ஹெடர் (மெயில் எந்த வழியாக வந்தது என்று சொல்லும் தலைப்பு வரிகள்) கிடைக்கும். ஃப்ரம் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் ஆர் (r), என் (n) இரண்டும் ஒட்டி நின்றால் எம் (m) மாதிரியே தெரியும். எல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருக்கலாம். அப்படி வேறு டொமைன் என்றால் டிமார்க் அதைத் தடுக்காது, அது உங்கள் டொமைனே அல்ல. அச்சு அசலாக உங்கள் டொமைன், சோதனைகள் ஃபெயில் என்றால், ரிஜெக்ட் போட்டதும் அதை மதிக்கும் சர்வர்களில் இந்த வழி அடைபடும். நீங்கள் பயப்பட வேண்டியது மூன்றாவது சாத்தியத்துக்கு: அந்த மெயில் கூகுள் சர்வரிலிருந்தே, உங்கள் ஆறு ஐடிகளில் ஒன்றிலிருந்து கிளம்பியிருந்தால் உங்கள் பெட்டிக்குள்ளேயே ஆள் இருக்கிறான். அந்த ஐடியின் பாஸ்வேர்டை மாற்றி, எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, ஃபில்டரிலும் ஃபார்வர்டிங்கிலும் அறிமுகமில்லாத விதி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்வாய்ஸ் என்ற சொல் வரும் மெயிலைத் தனியே ஒதுக்கும் விதியை வைத்துவிட்டுப் போவது இவர்கள் பழக்கம். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆறு ஐடிக்கும் கட்டாயம். யாராவது ஏற்கனவே பணம் அனுப்பியிருந்தால் வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் அந்த நிமிடமே போன் செய்யச் சொல்லுங்கள்.

டாட் இன் டொமைன் ஒன்று சும்மா வாங்கி வைத்திருந்தால் அதிலும் வேலை உண்டு, ஐந்து நிமிடம்தான். எஸ்பிஎஃப் வி=எஸ்பிஎஃப்1 -ஆல், டிமார்க் பி=ரிஜெக்ட். மெயிலே அனுப்பாத டொமைனுக்குக் கழித்தல் குறி தாராளமாகப் போடலாம்.

கடைசியாக, டொமைன் கணக்கின் லாகின் யார் ஐடியில் இருக்கிறது என்று மைத்துனரிடம் கேளுங்கள். அது உங்கள் கம்பெனியின் பொறுப்பில் இருக்க வேண்டும், ஆனால் இதே டொமைனில் உள்ள ஐடியாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் மெயிலும் நின்றுவிடும். புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டலும், பாஸ்வேர்டு மறந்தால் வரும் ஓடிபியும் அந்த நின்றுபோன பெட்டிக்குத்தான் போகும். ஒரு சாதாரண ஜிமெயில் ஐடியைத் திறந்து அதற்கு மாற்றிவிட்டு, மற்ற வேலைகளை இந்த வாரமே தொடங்குங்கள்.